பிடிக்காத கிறிஸ்துமஸ் பரிசு கைக்கு வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தாழ்வாரக்குருவி

பொருளை என்ன செய்வது என்று கேட்கவில்லை. அதற்கு அலமாரியின் மேல்தட்டு இருக்கிறது. நான் கேட்பது பிரித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி.

கிறிஸ்துமஸ் காலையில் மரத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் கொடுத்த பார்சல் நல்ல கனம், தங்க நிற ரிப்பன் வேறு. பிரித்தால் எடை பார்க்கும் மெஷின். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு போனுக்கே அனுப்புமாம். என் கணவர் "நல்லா இருக்கே" என்றார், தேவைக்கு மேல் வேகமாக. பிள்ளைகள் அங்கேயே பேட்டரியைப் போட்டு, ஆளாளுக்கு ஏறி நின்று எண்ணைக் கத்திச் சொன்னார்கள். மாமனார்கூட ஏறினார். "நீங்களும் ஏறுங்க அண்ணி" என்றதும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நாத்தனார் கெட்டவர் இல்லை. எனக்கு வந்தது கோபமா, அவமானமா என்றே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்கு மேல், ஆசையாகக் கொடுத்தவரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்ற உறுத்தல் வேறு. உங்களுக்கெல்லாம் எப்படி?

அரைப்படி

எடை மெஷினா! அது பரிசு இல்லீங்க, விமர்சனம்.

மொட்டைமாடி

ஒரு சந்தேகம் குருவி. அதே மெஷின் அவர் வீட்டிலும் இருக்கிறதா?

தாழ்வாரக்குருவி

இருக்கிறது. போன வருஷத்திலிருந்து நடை, யோகா, காலையில் எழுந்ததும் எடை என்று அவருக்கு இப்போது அதுதான் உலகம்.

மொட்டைமாடி

அப்படியென்றால் உங்கள் உடம்பை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நிறைய பேர் தாங்கள் அப்போது எதில் மயங்கிக் கிடக்கிறார்களோ அதைத்தான் அடுத்தவருக்கும் வாங்குகிறார்கள். என் மச்சான் தியானம் கற்றுக்கொண்ட வருஷம் எங்கள் அத்தனை பேருக்கும் தியான மெத்தை. அப்புறம் கேமரா பைத்தியம் பிடித்தது, எல்லோருக்கும் முக்காலி ஸ்டாண்டு. எங்கள் யாரிடமும் கேமரா கிடையாது. அவர் கொடுத்ததையெல்லாம் வரிசையாக வைத்தால் அவருடைய வாழ்க்கை வரலாறு வந்துவிடும்.

பச்சைமிளகாய்

//உங்கள் உடம்பை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்//

இது எப்படி ஆறுதலாகும்? நினைக்காததுதானே குற்றம். எனக்கு வாசனை திரவியம் பட்டால் மூச்சு இழுக்கும். அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும், ஒரு தடவை என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவர்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் பெர்ஃப்யூம் பாட்டில். வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு டிக் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். பாட்டில் ஒன்றும் எனக்கு வலிக்கவில்லை. அந்த டிக்தான் வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாமா? ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் 1993-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், "உங்களுக்கு வந்த பரிசுகளின் விலை எவ்வளவு இருக்கும்? உங்கள் கைக்காசு என்றால் அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவே பள்ளம். கொடுப்பவர் செலவழிக்கும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை யாருக்கும் பயன்படாமல் காற்றில் போகிறது என்பது அவர் கணக்கு.

இதில் சுவையான சங்கதி, யார் கொடுத்தது என்பதுதான். நண்பர்களும் காதலர்களும் கொடுத்த பொருட்களில் சேதாரம் குறைவு. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி கொடுத்தவற்றில் அதிகம். பழகும் தூரம் கூடக்கூட ஊகம் தவறுகிறது. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களைவிட தாத்தா பாட்டிகள்தான் அதிகமாகப் பணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். புத்திசாலிகள். எல்லோரும் அப்படியே செய்தால் பிரச்சினை முடிந்தது.

நூலகப்பூனை

முடியாது சார். நான் உங்களுக்கு ஒரு கவர் தருகிறேன், நீங்கள் எனக்கு அதே தொகைக்கு ஒரு கவர் தருகிறீர்கள். அதற்கு இருவரும் வீட்டிலேயே இருந்துவிடலாமே.

அந்தக் கட்டுரையின் முக்கியமான வரியை விட்டுவிட்டீர்கள். "பாச மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றுதான் மாணவர்களிடம் கேட்டார்கள். பாசத்தைக் கழித்தால் பரிசில் மிச்சம் என்ன? கடைச் சாமான். சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் 1996-ல் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டபோது, வாங்கியவர்கள் பரிசை அதன் விலையைவிட அதிகமாகவே மதித்தார்கள் என்று பதில் வந்தது. கேள்வியைத் திருப்பினால் விடையும் திரும்புகிறது.

கணக்குப்பிள்ளை

சரி, பாசத்தையும் சேர்த்துக்கொள்வோம். பச்சைமிளகாயின் பெர்ஃப்யூமுக்கு இப்போது என்ன மதிப்பு போடலாம்?

பச்சைமிளகாய்

மைனஸ்.

டீச்சரம்மா

முகத்தை என்ன செய்வது என்றுதானே குருவி கேட்டார், அதற்கு வருகிறேன். இதைக் குழந்தைகளை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கரோலின் சார்னி என்ற உளவியலாளர் 1984-ல் செய்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து, முதலில் நல்ல பரிசு. இன்னொரு முறை, அவர்கள் வயதுக்கு ஒவ்வாத கைக்குழந்தை பொம்மை. பிரிக்கும்போது முகத்தை மட்டும் கவனித்தார்கள். சின்னப் பிள்ளைகளின் முகத்தில், அதுவும் பையன்கள் முகத்தில், ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. வயது ஏறினால் சிரிப்பு வந்துவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கு அது இன்னும் நன்றாக வருகிறது.

வகுப்பில் நான் பார்ப்பதும் இதுதான். பிள்ளைகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்வார்கள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏற்கனவே பாதி வரைந்து கிழித்த வண்ணப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, உதட்டை மட்டும் இழுத்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவள் கண், புத்தகம் கொடுத்த பையனைப் பார்க்கவே இல்லை, பக்கத்துப் பெண் மடியிலிருந்த பென்சில் பெட்டியில் இருந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான். என் மகனோ தாத்தா கொடுத்த பெட்டியைப் பிரித்த கையோடு "இது என்கிட்ட ஏற்கனவே இருக்கு" என்றான், ஊரே கேட்க. அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. மகளாக இருந்தால் இரண்டு நாள் திட்டியிருப்போம். மகன் என்பதால் "வெள்ளந்தி" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள்.

அரைப்படி

டீச்சர், அப்போ பையனுக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறீர்களா, பெண்ணையும் உண்மை சொல்ல விடச் சொல்கிறீர்களா?

டீச்சரம்மா

இரண்டும் இல்லை. "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்பது பொய். "எனக்காகத் தேடி வாங்கினீங்களே தாத்தா, தேங்க்ஸ்" என்பது பொய் இல்லை. நன்றி ஆளுக்கு, பொருளுக்கு இல்லை. இதை ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிய வைக்கலாம். "ஏற்கனவே இருக்கு" என்பதைத் தாத்தாவிடம் மறுநாள் தனியாகச் சொல்லலாம், கடையில் மாற்றவும் நேரம் இருக்கும்.

மழைக்காலமேசை

டீச்சரம்மா சொல்வதற்கு எங்கள் பெரியம்மாவே சாட்சி. எப்போதோ ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ பீங்கான் ஆந்தை கொடுத்தார்கள். பெரியம்மா மரியாதைக்கு, "அய்யோ, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. பெரியம்மாவுக்கு ஆந்தை என்றால் உயிராம். ஆந்தைக் கடிகாரம், ஆந்தை மக், ஆந்தை போட்ட தலையணை உறை, வயிற்றில் காசு போடும் ஆந்தை உண்டியல். பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஆந்தை வரைந்துகொண்டு வருகிறார்கள். போன முறை அலமாரியைத் துடைக்கக் கூடமாட இருந்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதுங்க அத்தனையும் ராத்திரி என்னையே பாக்குதுடி."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருஷமும் ஆந்தைதான் வந்தது. நான் கொடுத்ததும் சேர்த்து.

பச்சைமிளகாய்

அடப்பாவி, நீங்களுமா!

மழைக்காலமேசை

நான் மட்டும் வேறு எதையாவது கொண்டுபோனால் "உனக்குத் தெரியாதா, பெரியம்மாவுக்கு ஆந்தைதான் பிடிக்கும்" என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

சுவரோரம்

பரிசே வராதவர்களை நினைத்துப் பாருங்கள். பிடிக்காததாவது வருகிறதே என்று சந்தோஷப்படத் தெரிய வேண்டும்.

நூலகப்பூனை

இந்த வாதத்தை வைத்து உலகத்தில் எந்தப் பேச்சையும் நிறுத்திவிடலாம் சுவரோரம். காலில் முள் குத்தினால் கால் இல்லாதவரை நினைக்கச் சொல்வீர்கள். நினைக்கலாம், முள்ளும் எடுக்க வேண்டுமே.

சுவரோரம்

அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருந்து பார்த்தவன் என்பதால் சொன்னேன். அந்த வருஷம் யாராவது எனக்கு எடை மெஷின் கொடுத்திருந்தால் பத்து தடவை ஏறி இறங்கியிருப்பேன்.

தாழ்வாரக்குருவி

சுவரோரம், நீங்கள் சொன்னது தப்பாகப் படவில்லை. என் உறுத்தலுக்குப் பாதிக் காரணமே அதுதான். மீதிப் பாதி, "வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லாத ஒரு பொருள் கைக்கு வருவது.

நூலகப்பூனை

வழியில்லை என்பது உண்மைதான். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1925-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். பரிசு விஷயத்தில் மூன்று கடமைகள்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். மறுப்பது பொருளை மறுப்பதாகாது, உறவையே மறுப்பதாகிவிடும். ஆக, குருவி மெஷினை வாங்கியும் ஆக வேண்டும், நாத்தனாருக்கு அடுத்த வருஷம் எதையாவது கொடுத்தும் ஆக வேண்டும்.

அரைப்படி

பெரிய சைஸ் பஜ்ஜிக் கடாய் கொடுங்க குருவி. கணக்கு நேராகிவிடும்.

கணக்குப்பிள்ளை

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கையில் இருப்பதையே தள்ளிவிடலாம். வந்த பரிசை வேறொருவருக்குக் கொடுப்பதை ஏன் திருட்டு மாதிரி மறைக்கிறோம்? கேப்ரியல் ஆடம்ஸ், பிரான்சிஸ் ஃப்ளின், மைக்கேல் நார்டன் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கைமாற்றிவிட்டவர்கள், "முதலில் கொடுத்தவருக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடும்" என்று பயந்தார்கள். கொடுத்தவர்களைக் கேட்டால், "குப்பையில் போடாமல் யாருக்காவது கொடுத்தாரே" என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த பிறகு அது உன் பொருள், உன் இஷ்டம் என்பது அவர்கள் நினைப்பு. பயம் எல்லாம் வாங்கியவர் பக்கம்தான்.

வெளிவாசல்

ஆய்வு சரி. ஆனால் ரிப்பனைப் பிரித்து ஒரு தடவை உள்ளே பார்த்துவிடுங்கள். எங்கள் ஆபீஸில் சீக்ரெட் சான்டாவில், அதாவது பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் விளையாட்டில், ஒருவருக்கு மேசை விளக்கு வந்தது. அட்டைப்பெட்டி மூடியின் உள்பக்கம் பேனாவில் "அன்புள்ள அக்காவுக்கு, புது வீட்டுக்கு" என்று எழுதியிருந்தது. வாங்கியவர் ஆண், வாடகை வீடு. யார் கொடுத்தது என்று கடைசி வரை தெரியாது, ஆனால் புது வீடு கட்டியவர் ஆபீஸில் ஒரே ஒருவர்தான். எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, வாசனை மெழுகுவர்த்தி. அதை யாரும் ஏற்றுவதில்லை, கைமாற்றிக்கொண்டே இருக்கிறோம். மொத்தமே கொஞ்சம் மெழுகுவர்த்திகள்தான் இருக்கின்றன, அவையே சுற்றி வருகின்றன என்பது என் சந்தேகம்.

மொட்டைமாடி

நான் ஏற்றுவேன். எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிடுங்கள்.

வெளிவாசல்

கைமாற்றவே முடியாத பரிசும் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு கிறிஸ்துமஸுக்கு நாய்க்குட்டி கொடுத்தார் அவன் சித்தப்பா. வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. பையனின் அம்மாவுக்கு நாய் என்றால் நடுக்கம். தலையில் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தவர் அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார், குட்டி போகவில்லை. "நாய் வாழ்நாள் முழுமைக்கும், கிறிஸ்துமஸுக்கு மட்டும் இல்லை" என்ற வாசகத்தை பிரிட்டனின் டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு 1978-ல் தொடங்கி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், இந்தச் சித்தப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எடை மெஷினாவது அலமாரியில் சும்மா இருக்கும்.

கம்பளிப்பாட்டி

எல்லாரும் வாங்குகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் கொடுக்கிற பக்கம்.

பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பேன். மழை விட்டதும் நூல் வாங்கினால்தான் கிறிஸ்துமஸுக்கு முடியும். கழுத்துப் பட்டி மட்டும் இரண்டு தடவை பிரித்துப் பின்ன வேண்டி வரும், இறுக்கமாக வந்தால் தலை நுழையாது. கொடுத்த அன்று எல்லாரும் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு அதை எந்தப் போட்டோவிலும் நான் பார்த்ததில்லை. வீடியோ கால் வந்தால், எங்கள் பெரியவன் பின்னாலிருந்து "பாட்டி லைன்ல இருக்காங்க" என்கிற சத்தம், கொஞ்ச நேரம் கேமரா மூடியிருக்கும், அப்புறம் பேரன் ஸ்வெட்டரோடு வருவான். எனக்குத் தெரியாதா? தெரியும். வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

டீச்சரம்மா

அய்யோ பாட்டி.

மொட்டைமாடி

பாட்டி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று லிஸ்ட் கேட்டுவிடலாமே? 2016-ல் ஜெஃப் கேலக்கும் இன்னும் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் சொல்கிறது. கொடுப்பவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது பிரிக்கும் அந்த நொடி, அப்போது முகம் மலர வேண்டும். வாங்குபவர் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் நாட்கள், இதை வைத்து என்ன செய்வது என்று. அங்கேதான் இடிக்கிறது.

கம்பளிப்பாட்டி

கேட்டேன் தம்பி. பேத்தி லிங்க் அனுப்பினாள். அதை அமுக்கினால் பொருள், நிறம், சைஸ் எல்லாம் அவளே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள், பணம் கட்டுகிற இடத்தில் மட்டும் நான். பொருள் நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் கரண்ட் பில் கட்டிய மாதிரி இருந்தது.

கணக்குப்பிள்ளை

பாட்டி சொன்னதும் யோசிக்கிறேன். என் கணக்கில் கொடுப்பவருக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஒரு கட்டமே இல்லை.

சுவரோரம்

பாட்டி, ஒரு நாள் அந்த ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் அழுவார்கள் பாருங்கள்.

பச்சைமிளகாய்

சினிமாவில் அழுவார்கள். என் அம்மாச்சி பின்னிக் கொடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாச்சி என்றால் எனக்கு உயிர், இன்றைக்கும் நினைத்தால் தொண்டை அடைக்கும். ஸ்வெட்டர் அன்றும் அரித்தது, இன்றும் அரிக்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம்.

கம்பளிப்பாட்டி

இந்தப் பிள்ளை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அரித்தது என்று அம்மாச்சியிடம் சொன்னாயாம்மா?

பச்சைமிளகாய்

இல்லை பாட்டி. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாங்க?

கம்பளிப்பாட்டி

நூலை மாற்றியிருப்பாள். வேறு என்ன? கழுத்தில் படுகிற இடத்துக்குப் பருத்தி நூல் வைத்துப் பின்னலாம். அரிக்கிறது என்று தெரிந்தால்தானே. உள்ளே மெல்லிசாக ஒரு பனியன் போட்டுக்கொண்டாலும் போதும்.

தாழ்வாரக்குருவி

பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு நாத்தனாருக்கு போன் போட்டேன். மெஷினைப் பற்றி நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "அடுத்த தடவை எனக்கு உடம்பு சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம் பாப்பா, மண்வெட்டி, பூத்தொட்டி மாதிரி வாங்கிக் கொடு" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அண்ணி, போன வருஷம் நீங்க எனக்கு முடி கொட்டாம இருக்க எண்ணெய் செட் குடுத்தீங்களே" என்றாள்.

அரைப்படி

ஹாஹாஹா. கடாய் தேவையில்லை, கணக்கு முன்பே நேர்.

நூலகப்பூனை

மூன்றாவது கடமை! அவர் திருப்பித் தந்திருக்கிறார்.

வெளிவாசல்

நடைமுறைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கும்போது விலை போடாத ரசீது கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். பார்சலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மாற்றிக்கொள்ள விரும்பினால் உங்களிடம் கேட்கவே வேண்டாம். பெட்டியைக் கிழிக்காமல் திறப்பது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் சும்மா சிரித்துக்கொண்டே ரசீதைத் தேடாதீர்கள், கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

டீச்சரம்மா

பாட்டி, இனிமேல் பின்னப் போவதில்லையா?

கம்பளிப்பாட்டி

பின்னாமல் கை சும்மா இருக்காது. இந்தத் தடவை பேரனையே கூப்பிட்டு, நீ அதைப் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும், வருத்தமும் இல்லை, எப்படி இருந்தால் போடுவாய் என்று கேட்டேன். முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தான். அப்புறம் மெதுவாக, கை நீளம் அதிகம், நெஞ்சில் மான் வேண்டாம், கறுப்பு நிறம் என்றான். கறுப்பு நூலில் ராத்திரி வெளிச்சத்தில் எனக்குக் கண்ணி தெரியாது, எண்ணிக்கை விட்டுப்போகும். அதைச் சொன்னேன். கரும்பச்சைக்கு இறங்கி வந்தான். மானுக்கு மட்டும் நான் விடவில்லை. முதுகுப் பக்கம், கீழே, சின்னதாக ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம்.